கழுத்தில் கிடந்த சிவப்பு பிளக்

இது நடந்தது. நம்பாதவர்கள் வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, சங்கரலிங்கம் வீடு எது என்று கேட்டுப் போய், அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. காலேஜ் பெயரை மட்டும் சொல்லவில்லை. கேஸ் நடக்கிறது.

இன்னொன்று. பேய் என்றதும் அமாவாசை, சுடுகாடு, நடுச்சாமம் என்று நினைக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். மணி பன்னிரண்டு இருபத்தொன்றுக்கும் பன்னிரண்டு இருபத்தைந்துக்கும் நடுவில். ஒரு தடவை இல்லை. பதினேழு தடவை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி இருக்கிறது. மில் ஓடிய காலத்தில் பஞ்சு மூட்டைகளைப் பேல் பேலாக அடுக்கி வைத்த இடம். மில்லை மூடியதும் பேல் எல்லாம் போய்விட்டது. பஞ்சுத் தூசி மட்டும் போகவில்லை. சுவர் இடுக்கில், இரும்பு உத்தரத்தில், கூரைத் தகரத்துக்கு அடியில் அப்பிக்கொண்டு கிடக்கும். கொஞ்சம் காற்று அடித்தால் போதும். மழை மாதிரி இறங்கும்.

அதைத்தான் காலேஜ் பசங்க வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கடைசி வருஷம் படிக்கிறவர்கள். ரெண்டு பேர் உட்கார்ந்து போகிற குட்டி விமானத்துக்குப் புது மாதிரி ஒரு எந்திரம் செய்து பார்த்தார்கள். பெட்ரோல் இன்ஜின் ஒன்று, கரண்ட் மோட்டார் ஒன்று. விமானம் தரையிலிருந்து எழும்பும்போது ரெண்டும் சேர்ந்து காற்றாடியைச் சுற்றும். உயரம் போன பிறகு இன்ஜின் மட்டும் இழுக்கும், அதிலேயே பேட்டரியும் ஏறிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம், சத்தமும் குறைவு. விமானம் என்று எதுவும் அங்கே இல்லை. தரையில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு இரும்பு மேடை. அதன்மேல் இன்ஜினும் மோட்டாரும், ஆள் உயரத்துக்கு ஒரு மரக் காற்றாடியும். பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பேட்டரிப் பெட்டி. எல்லாவற்றையும் சுற்றி இரும்பு வலைக் கூண்டு. அவ்வளவுதான்.

பசங்களுக்குத் தலைவன் சேதுபதி. தளவாய்புரத்துக்காரன். நிலபுலன் உள்ள வீடு, ஆனால் அந்தத் திமிர் துளியும் கிடையாது. தரையில் உட்கார்ந்து வேலைக்காரர்களோடு சேர்ந்து சாப்பிடுவான். கரண்ட் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது சப்ரீன். ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற அப்துல் ரஹ்மானின் மகள். வாரத்தில் ரெண்டு நாள்தான் வரும். அதிகம் பேசாத பிள்ளை. ஆனால் கூண்டு விஷயத்தில் சட்டம் போட்டது அந்தப் பிள்ளைதான்.

பேட்டரிப் பெட்டியில் முந்நூறு வோல்ட். தொட்டால் ஆள் காலி. அதனால் கூண்டுக்கு வெளியே, சுவர் வைத்துத் தடுத்த ஆபீஸ் ரூமில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, அதில் உள்ளங்கை அளவு சிவப்பு பிளக் ஒன்று வைத்திருந்தார்கள். அதை உருவினால் பேட்டரி செத்த மாதிரி. கூண்டுக்குள் யார் போனாலும் அந்த பிளக்கை உருவி, கயிற்றோடு கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கழுத்தில் பிளக் இல்லாமல் கூண்டுக்குள் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

"பிளக் உங்க கழுத்துல கெடந்தா உங்க உசுரு உங்ககிட்ட இருக்கு மாமா. வேற யாரு நெனச்சாலும் உள்ள கரண்ட் குடுக்க முடியாது. ஒரே ஒரு பிளக்தான்." சப்ரீன் சங்கரலிங்கத்திடம் மூன்று தடவை சொன்னது. மூன்று தடவையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டது.

சங்கரலிங்கத்துக்கு முன்னால் அங்கே கூட்டித் துடைக்கிற வேலையைப் பார்த்தவன் சிவனாண்டி.

ரெண்டு பேரும் அதே மில்லில் இருபத்திரண்டு வருஷம் பேல் தூக்கியவர்கள். சங்கரலிங்கத்துக்கு ஒருத்தன் கூட்டாளி என்றால் அது சிவனாண்டிதான். நாற்பத்து மூன்று வயதில் சங்கரலிங்கம் சாயங்கால வகுப்பில் சேர்ந்து அ, ஆ எழுதிப் பழகியபோது, வகுப்பு ஜன்னலில் வந்து நின்று கத்தியவன் அவன்.

"ஏலே லிங்கம், கலெக்டராகிப் போனா எனக்கு ஒரு பியூன் வேலை போட்டுக் குடுலே!"

"கைநாட்டுக்கெல்லாம் பியூன் வேலை கெடையாதுலே. ஒழுங்கா உள்ள வந்து உக்காரு."

"எனக்கு எதுக்குலே எழுத்து? எழுத்தும் ஏமாத்தும் ஒண்ணாத்தான் வரும்."

அவன் கடைசிவரை கைநாட்டுதான்.

ஜனவரி இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை, கூண்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது சிவனாண்டி நெஞ்சு வலி வந்து விழுந்து செத்தான். அப்படித்தான் சொன்னார்கள். முன்னமே ஒரு தடவை நெஞ்சு வலி வந்த ஆள். உள்ளங்கை கறுத்திருந்ததைக் கிரீஸ் என்று நினைத்தார்கள், வேறு காயம் இல்லை. அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று அவன் பெண்டாட்டி மாரிக்கனி அழுததால் அப்படியே எடுத்தார்கள். சேதுபதி காரில் வந்து, காடுவரை நடந்து, சங்கரலிங்கத்தின் தோளில் முகத்தை வைத்து அழுதான்.

"என் கையிலதான் உசுரு போச்சு அண்ணாச்சி."

சங்கரலிங்கம் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு எம்புட்டு இரக்கம் என்று நினைத்தார். பதினாறு முடிந்ததும் சேதுபதி வீடு தேடி வந்து, "அவரு எடத்துக்கு நீங்கதான் வரணும் அண்ணாச்சி, வேற ஆளு எனக்கு ஒத்து வராது" என்றான். சரி என்றார்.

பிப்ரவரி ஒன்பது, திங்கள்கிழமை, வேலைக்குப் போனார்.

பெட்ரோல் ஊற்றுவது, கூட்டுவது, துடைப்பது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்டரில் தெரிகிற நம்பரைப் பார்த்து ரீடிங் நோட்டில் எழுதுவது. இந்தக் கடைசி வேலையை, சிவனாண்டி இருந்தவரை, பசங்களே பார்த்தார்கள். அதில்தான் அவருக்குப் பெருமை. ஒவ்வொரு நம்பரையும் அளவெடுத்து வைத்த மாதிரி எழுதுவார். சேதுபதி அந்த நோட்டை மற்ற பசங்களிடம் தூக்கிக் காட்டுவான். "அண்ணாச்சி எழுத்தப் பாருங்கடா, அச்சடிச்ச மாதிரி. நீங்களும் எழுதுறீங்களே, கோழி கிண்டுன மாதிரி." அந்தச் சொல்லுக்காகவே இன்னும் பத்து வருஷம் அங்கே உழைக்கலாம் என்று சங்கரலிங்கத்துக்குத் தோன்றும்.

காலை ஒன்பது மணிக்கு ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் ஐந்து வரை பேட்டரி ரீடிங் அறுபடாமல் ஒரே கோடாக வர வேண்டும். ஆனால் இந்தப் பஞ்சு விடாது. பாதி நாளில் இன்ஜின் மூக்கை அடைத்துவிடும். அதனால் பன்னிரண்டு இருபதுக்கு இன்ஜினை நிறுத்திவிட்டு, கூண்டுக்குள் போய்ப் பஞ்சைக் கூட்டி எடுக்க வேண்டும்.

பன்னிரண்டு இருபது ஆனதும் சேதுபதியே பிளக்கை உருவி, மாலை போடுகிற மாதிரி சங்கரலிங்கம் கழுத்தில் போடுவான்.

"மாப்பிள்ளை ரெடி! மேளம் எங்கடா?"

"இந்த வயசுல எனக்கு எவன் தம்பி பொண்ணு தருவான்?"

"வீட்டுல மதினிகிட்ட கேட்டுச் சொல்லவா?"

"அய்யா சாமி, ஆளை விடு."

சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து எழுதுவார். '12.20. பிளக் எடுத்தாச்சு. ச. சங்கரலிங்கம்.' எழுதிவிட்டு ஆபீஸ் ரூமை விட்டு வெளியே வந்து, சுவரைச் சுற்றி நடந்து, கூண்டுக் கதவைத் திறப்பார்.

முதல் நாளே அது இருந்தது.

கூண்டுக் கதவுக்கு மேலே ஒரு பெரிய மின்சாரக் கடிகாரம். சிவப்பு எழுத்தில் நொடிகூடத் தெரியும். 12.21 என்று காட்டியபோது அவர் கீழே பார்த்தார். பேட்டரிப் பெட்டிக்கு முன்னால், தரையில் படிந்திருந்த பஞ்சில், ரெண்டு பாதம் பதிந்த தடம். வெறும் கால். விரல்கள் பெட்டியைப் பார்த்து இருந்தன.

சங்கரலிங்கம் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். கூண்டுக்குள் யாருமே செருப்பில்லாமல் வருவது கிடையாது.

எந்தப் பயலோ விளையாடியிருக்கிறான் என்று கூட்டிவிட்டார். கூட்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தத் தடம் இருந்த இடத்துக்கு வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை. நின்ற தடம் மட்டும்தான் இருந்தது.

பெட்டியின் பின்பக்கத்தைத் துடைக்கக் கையை நீட்டினார். துணி கை நழுவிக் கீழே விழுந்தது.

அடுத்த நாளும் அதே தடம். அதே இடம். 12.21. பின்பக்கம் துடைக்கப் போனார். தும்மல் வந்தது. ஒன்றில்லை, பதினைந்து தும்மல். கண்ணில் தண்ணீர் வந்து வெளியே வந்துவிட்டார்.

அடுத்த தடவை, பையில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை.

அதற்கடுத்த தடவை, முழங்கைக்குக் கீழே கை மரத்துப் போனது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து ஒதுக்கி வைத்த மாதிரி...

பெட்டியின் அந்தப் பக்கத்தை மட்டும் அவரால் துடைக்கவே முடியவில்லை.

பிறகு சத்தம் கேட்க ஆரம்பித்தது. இன்ஜின் நின்றுவிட்டது. காற்றாடி அசையவில்லை. கழுத்தில் பிளக். ஆனாலும் பெட்டிப் பக்கத்திலிருந்து...

ம்ம்ம்ம்ம்...

12.21க்கு ஆரம்பிக்கும். 12.25க்கு நிற்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நொடி முன்னப்பின்ன இல்லை.

சேதுபதியிடம் கேட்டார். "தம்பி, பிளக்கை எடுத்த பொறவும் பெட்டி மொனங்குதே?"

அவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது ஃபேன் அண்ணாச்சி. சூடு ஆறுது."

சரி என்று வந்துவிட்டார். படித்த பிள்ளை சொல்கிறது. ஆனால் அது ஃபேன் சத்தம் இல்லை. ஃபேனுக்கு மூச்சு வாங்காது. இது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஆள் எதையோ தாங்குகிற சத்தம்.

ஒன்பதாவது தடவை அவர் கூட்டவில்லை. குனிந்து உட்கார்ந்து அந்தத் தடத்தை உற்றுப் பார்த்தார்.

வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நாலு.

அவர் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. அந்தக் காலை அவருக்குத் தெரியும். பேல் விழுந்து சுண்டு விரல் கூழாகிப் போன அன்றைக்கு, அந்தக் காலைத் துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான்.

வீட்டில் பெண்டாட்டி அங்காளம்மாளிடம் மட்டும் சொன்னார். அவள் பதறவில்லை.

"கூட்டாளிதானே, பாக்க வந்திருப்பாரு. திருநீறு பூசிட்டுப் போங்க."

"ஏட்டி, பாக்க வந்தவன் என்னையல்லா பாக்கணும்? அவன் எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் பெட்டியப் பாத்து நிக்கான்."

அவள் எழுந்து போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்தாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தார். சேதுபதி முகம் ஞாபகம் வந்தது. பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, நம்பி இருக்கிற பையனை நடுவில் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனார். பத்து. பதினொன்று. பதினாறு வரை போனார்.

மார்ச் பதினொன்று, புதன்கிழமை. பதினேழாவது தடவை.

அன்றைக்கு ரெண்டு மணிக்குப் பெங்களூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்து எந்திரத்தைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சேதுபதிக்கு அங்கேயே வேலை. மற்ற பசங்களைச் சாப்பாடு வாங்க ராஜபாளையத்துக்கு அனுப்பியிருந்தான். கிட்டங்கியில் அவனும் இவரும் மட்டும்தான்.

12.20. பிளக்கை உருவிக் கழுத்தில் போட்டான். இன்றைக்கு மாப்பிள்ளை கேலி இல்லை.

"அண்ணாச்சி, பெட்டிக்குப் பின்பக்கம் ஒரு மாசமாப் பஞ்சு அப்பிக் கெடக்கு. வாறவங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க. இன்னைக்கு ஈரத்துணி போட்டு நல்லாத் தொடச்சிருங்க."

"ஈரத்துணியா தம்பி?"

"பிளக்குதான் உங்க கழுத்துல கெடக்கே. பயமா?"

பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. நோட்டில் எழுதினார். '12.20. பிளக் எடுத்தாச்சு. ச. சங்கரலிங்கம்.' வாளியில் துணியை முக்கி எடுத்துக்கொண்டு போனார்.

கூண்டுக் கதவு. 12.21.

தடம் இருந்தது.

சத்தம் ஆரம்பித்தது.

ம்ம்ம்ம்ம்...

இந்தத் தடவை விடக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் போனார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்...

காற்று இல்லை. ஆனால் மேலே உத்தரத்திலிருந்து பஞ்சு இறங்க ஆரம்பித்தது. ஒன்றிரண்டாக... பிறகு கொத்துக் கொத்தாக...

எல்லாப் பஞ்சும் தரைக்கு வந்தது. ஒரு இடத்தில் மட்டும் வரவில்லை.

பெட்டிக்கு முன்னால், அந்தரத்தில் நின்றது.

அவர் தோள் உயரத்தில் ஒரு வளைவு. பஞ்சு ஒட்டிய வளைவு.

அது ஒரு தோள்.

அதிலிருந்து ஒரு கை. கை நீண்டு, பெட்டியின் பின்பக்கத்தில் மூடாமல் கிடந்த கம்பியில் முடிந்தது.

பஞ்சு ஒட்ட ஒட்ட முதுகு வந்தது. பிடரி வந்தது. தலை வந்தது.

அந்த உருவம் நடுங்கிக்கொண்டிருந்தது. நிற்காமல். ஒரே மாதிரி.

சங்கரலிங்கத்தின் ஈரத்துணி அந்தக் கம்பிக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது. கை பின்னால் வரவில்லை.

12.22.

தலை திரும்பியது.

முகம் இல்லை. வெறும் பஞ்சு.

அதன் இடது கை எழும்பியது... மெதுவாக... அவர் கழுத்துக்கு வந்தது...

சிவப்புக் கயிற்றைப் பிடித்தது.

பட்!

கயிறு அறுந்தது. பிளக் கூண்டுக் கதவைத் தாண்டிப் போய் வெளியே விழுந்தது. யாரோ வீசி எறிந்த மாதிரி.

கழுத்தில் பிளக் இல்லை.

இல்லாமல் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

புத்தி சொல்லவில்லை. கால் சொன்னது. ஓடினார்.

வெளியே வந்து பிளக்கை எடுத்துக்கொண்டு, சுவரைச் சுற்றி, ஆபீஸ் ரூம் கதவைத் தள்ளினார். சேதுபதி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். சங்கரலிங்கம் சுவர்ப் பலகையைப் பார்த்தார்.

பலகையில் பிளக் இருந்தது.

அவர் கையைப் பார்த்தார். கையிலும் இருந்தது.

ரெண்டு பிளக்.

"தம்பி."

சேதுபதி திரும்பினான். அவன் முகம் வெளிறிப்போனது.

"அண்ணாச்சி... அது... நடுவுல பேட்டரி கட்டானா அன்னைக்கு ரீடிங் முழுசும் செல்லாதுண்ணே. அதான் இன்னொண்ணு செஞ்சு வச்சேன். நீங்க வெளிய போனதும் போட்டுக்கிடுவேன். மேல மூடி இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு..."

"ஈரத்துணி போட்டுத் தொடைக்கச் சொன்னியே."

"மறந்துட்டேன் அண்ணாச்சி. சத்தியமா, இன்னைக்கு டென்ஷன்ல..."

"சிவனாண்டி உள்ள நின்ன அன்னைக்கும் இது இங்கதான் இருந்துச்சா?"

அவன் கண் பலகைப் பக்கம் போனது.

"கேக்கேன்ல. இருந்துச்சா?"

"அவருக்கு நெஞ்சு வலி அண்ணாச்சி."

"செத்துக் கெடந்தவன் கழுத்துலருந்து பிளக்க எவன் கழட்டுனான்?"

அவன் குரல் மாறியது. அழுகிற குரல் இல்லை. கணக்குப் போட்டுப் பேசுகிற குரல்.

"நோட்டுல நீங்கதான எழுதியிருக்கீங்க, பிளக் எடுத்தாச்சுன்னு? தெனமும் உங்க கையெழுத்துதான இருக்கு? நாளைக்கு யார் கேட்டாலும் அதத்தான் பாப்பாங்க. யோசிச்சுப் பேசுங்க."

அச்சடித்த மாதிரி எழுத்து. சங்கரலிங்கம் நோட்டைப் பார்த்தார். தோளில் முகம் வைத்து அழுத பையன். மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுவிட்ட கை. அத்தனையும் இந்த நோட்டுக்காகத்தான். யாரும் ஏமாற்றக் கூடாது என்றுதான் அந்த வயதில் எழுத்துப் படித்தார். அவர் எழுத்தை வைத்தே ஏமாற்றிவிட்டான்.

பலகையில் இருந்த பிளக்கை உருவினார். கம்ப்யூட்டர் 'கீச்' என்று கத்தியது. மணி 12.24.

ரெண்டு பிளக்கையும் ரீடிங் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாசலில் போய் வெயிலில் உட்கார்ந்தார். சேதுபதி வந்து கெஞ்சினான், பிறகு மிரட்டினான், பிறகு மறுபடியும் கெஞ்சினான். அவர் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணிக்கு சப்ரீன் வந்ததும் ரெண்டு பிளக்கையும் அந்தப் பிள்ளையின் கையில் வைத்தார். என்ன நடந்தது என்று சொன்னார். பஞ்சில் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

சப்ரீன் பார்த்தது. உதடு வெளுத்துப் போனது. உள்ளே போய், கம்ப்யூட்டரில் இருந்த ரெக்கார்டை எல்லாம் எடுத்துக்கொண்டு, தான் வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டது.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை காலையில், அப்துல் ரஹ்மான் மகளைக் கூட்டிக்கொண்டு சங்கரலிங்கம் வீட்டுக்கு வந்தார். சப்ரீன் மடியில் லேப்டாப். மூன்று நாளாகத் தூங்காத கண்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளும்மா."

"நீங்க அந்தப் பெட்டியோட பின்பக்கத்துக் கம்பிய என்னைக்காவது தொட்டீங்களா?"

"இல்லம்மா. தொட்டிருந்தா நான் உன்கூடப் பேசிக்கிட்டா இருப்பேன்?"

"அதான் மாமா எனக்குப் புரியல." அந்தப் பிள்ளை லேப்டாப்பைத் திறந்தது. "பேட்டரியிலருந்து கரண்டு வெளிய கசிஞ்சா இதுல பதிவாகும். ஒரு ஆளு கம்பியத் தொட்டா எம்புட்டுப் போகுமோ, அம்புட்டு போயிருக்கு. பதினேழு தடவ. எல்லாம் நீங்க உள்ள நின்ன நேரம். எல்லாம் 12.21லருந்து 12.25 வரைக்கும். யாரோ லைனைப் புடிச்சுக்கிட்டே நின்ன மாதிரி."

சங்கரலிங்கம் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"கசிஞ்சா தானா கட்டாகுறதுக்கு நான் ஒண்ணு வச்சிருந்தேன். அதையும் அவன் ஆஃப் பண்ணி வச்சிருக்கான்." திரையில் அடுத்த பக்கத்துக்குப் போனது. "கடைசித் தடவ நீங்க 12.24க்கு பிளக்க உருவிட்டீங்க. அதுக்குப் பொறவு பேட்டரியே கெடையாது மாமா. ஆனா அப்பவும் 12.25 வரைக்கும் போயிருக்கு. அது எங்கருந்து வந்துச்சு?"

அப்துல் ரஹ்மான் மெதுவாகச் சொன்னார். "அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க மச்சான். மூணு நாளாச் சோறு தண்ணி இல்லாம இதையே பாத்துக்கிட்டு இருக்கு."

"எனக்குத் தெரியாது" என்றார் சங்கரலிங்கம். கண்ணில் தண்ணீர் நிற்காமல் இறங்கியது. "சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

சப்ரீன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பியது.

"இன்னொண்ணு இருக்கு மாமா. பதினேழுக்கும் முன்னால ஒண்ணு."

ஜனவரி இருபத்து மூன்று. 12.21லிருந்து 12.25 வரை.

நாலு நிமிஷம். சிவனாண்டி நாலு நிமிஷம் அந்தக் கம்பியில் இருந்திருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டர் முன்னால் சேதுபதி இருந்திருக்கிறான். இது முழுவதும் அவன் கண் முன்னால் திரையில் ஓடியிருக்கிறது.

அதற்குக் கீழே ஒரு வரி. இங்கிலீஷில் இருந்தது. அவன் கையால் அடித்தது. சப்ரீன் தமிழில் வாசித்தது.

"சென்சார் கோளாறு. இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்."

வரிக்குப் பக்கத்தில், அதை அடித்த நேரம் இருந்தது. அது நம்பர்தான். அதை வாசிக்க சங்கரலிங்கத்துக்கு யாரும் வேண்டியதில்லை.

12.23.